க/பெ

ஆகஸ்ட் 14 சாயங்காலம் ஆனால் என் வேலை தொடங்கும். தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் கால் கிலோ உதிரி ரோஜாவும் ஒரு பொதி கேந்தியும் பஸ்ஸில் கொடுத்துவிடுவான். அதை இதழ் இதழாகப் பிய்த்துப் பழைய பேப்பரில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். இதழில் ஈரம் இருந்தால் கொடித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கொடி விரியும்போது பூ உதிராது. காலையில் கொடியை நீளவாக்கில் மடித்து நடுவில் இரண்டு கைப்பிடி இதழை வைத்துச் சுருட்ட வேண்டும். மூன்று கைப்பிடி வைத்தால் பொதி பெருத்துவிடும், முடிச்சு இறுகிவிடும். முடிச்சு உருவுமுடிச்சு. கீழே நிற்கிறவர் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தால் அவிழ வேண்டும். ஆனால் கம்பத்தின் உச்சிக்கு ஏறுகிற வழியில் காற்றடித்தாலும் அவிழக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இறுக்கம் இருக்கிறது. அது கைக்குப் பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முதல் வருஷம் 2020. கொரோனா காலம். ஊராட்சி அலுவலகத்து முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் கயிற்றை இழுத்தார். கொடி அவிழவில்லை. மறுபடி இழுத்தார். பொதி உச்சியில் பலாப்பழம் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. கடைசியில் கொடியை இறக்கி, நான் போட்ட முடிச்சை நானே பல்லால் கடித்து அவிழ்த்து, மறுபடி ஏற்றினோம். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு முப்பது வருஷப் பழக்கம். தலைவர் என் மனைவி.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. மாவட்டத்தில் மொத்தம் 95 கிராம ஊராட்சிகள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்கள் ஊரும் அந்தப் பாதியில் வந்தது. நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் அவள் ஜெயித்தாள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அவள் மகளிர் குழுக் கடனுக்கு நடையாய் நடந்ததால்தான் ஜெயித்தாள் என்பது வாக்கு எண்ணிய அன்றைக்கே தெரிந்துவிட்டது. வேட்புமனுவில் அவள் பெயருக்கு அடுத்து க/பெ என்று போட்டு என் பெயர். அரசு ஆவணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரு சாய்கோட்டுக்கும் பின்னால்தான்.

மறுநாள் சாயாக் கடையில் ஒருவர் கேட்டார்: "சாரே, ராஜா பொண்டாட்டி ராணி. ராணிக்க வீட்டுக்காரன் ஆராக்கும்?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியின் முதல் பாதியே எங்கள் மண்ணில் செல்லாது என்று அவருக்குச் சொல்ல விட்டுப்போனது.

எங்கள் வீட்டில் அம்மையின் அம்மையை அம்மச்சி என்று கூப்பிடுவோம். அம்மச்சி பிறந்தது அருமனைப் பக்கம். சின்ன வயதில் எனக்கு ஒரு கதை சொல்லுவாள்: "எங்க ஊருல இருந்துதான் திருவனந்தபுரம் ராசாவுக்குப் பொண்ணு எடுத்தது. அருமனை அம்மவீடுன்னு சொன்னா கோட்டைக்குள்ள அந்தக் காலத்துல எல்லாவனுக்கும் தெரியும்."

"அப்போ அவிய ராணியா அம்மச்சி?"

"ராணி வேற, ராசா பொண்டாட்டி வேற மக்களே."

அது எனக்கு விளங்க இருபது வருஷம் ஆனது. நான் கல்லூரியில் வரலாறு படிக்கப் போனதே அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தேடித்தான் என்று இப்போது கதை கட்டிக்கொள்ளலாம். உண்மையில் வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை.

1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். அந்த ராஜ்யத்தில் பட்டம் மருமக்கத்தாயம். ராஜாவுக்குப் பின் அவர் மகன் வரமாட்டான், சகோதரியின் மகன் வருவான். ஆகவே மகாராணி என்கிற பட்டம் ராஜாவின் மனைவிக்குக் கிடையாது. அது அவருடைய சகோதரிக்கோ மருமகளுக்கோ உரியது. இங்கே மருமகள் என்றால் சகோதரியின் மகள். ஆற்றிங்கல் ராணி என்று சொன்னால் பிறப்பால் வந்த ராணி. 1810-இல் கௌரி லட்சுமி பாய் பட்டம் ஏறியதும், 1815-இலிருந்து 1829 வரை கௌரி பார்வதி பாய் ரீஜண்டாக இருந்து நாட்டை நடத்தியதும் அந்த உரிமையில்தான். யாருக்கோ மனைவியாக இருந்து அல்ல.

ராஜாவின் மனைவிக்கு வேறு பெயர். அம்மச்சி. முழுதாகச் சொன்னால் அம்மச்சி பானப்பிள்ளை அம்மா. ராஜா ஒரு பெண்ணை மணக்க நினைத்தால் அவள் நான்கு அம்மவீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றில் ஒன்றுக்குத் தத்துப் போக வேண்டும். அந்த நான்கின் பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் எங்கள் மாவட்டத்து ஊர்கள். வீடுகள் திருவனந்தபுரத்தில், பெயர் இங்கிருந்து போனது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடுகிற யாருக்கும் இந்தப் பெயரில் ராஜா மனைவிகளின் வீடு ஒன்று இருந்தது என்று தோன்றாது. ஸ்வாதித் திருநாளின் மனைவி நாராயணிப் பிள்ளை திருவட்டாறு அம்மவீடு. ஆயில்யம் திருநாளின் மனைவி கல்யாணிப் பிள்ளை நாகர்கோவில் அம்மவீடு.

கல்யாணத்துக்கும் தனிப் பெயர்: பட்டும் பரிவட்டமும். பரிவட்டம் என்றதும் எங்கள் பக்கத்தில் கோயிலில் தலையில் கட்டுகிற மரியாதைதான் நினைவுக்கு வரும். இங்கே மரியாதை அந்தத் துணியோடு முடிந்தது. அம்மச்சி ராஜாவோடு பொதுவில் தோன்ற முடியாது. தர்பாரில் அவளுக்கு இடமில்லை. விழா ஊர்வலத்தில் இடமில்லை. பிள்ளைகள் பிறந்தால் ஆணுக்குத் தம்பி, பெண்ணுக்குத் தங்கச்சி என்ற பட்டம். ராஜாவின் ரத்தம், ஆனால் ராஜகுடும்பம் இல்லை. (தம்பி என்று பெயருள்ளவரெல்லாம் ராஜா மகன் என்று நினைத்துவிட வேண்டாம். தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பிக்கு அது வேறு வழியில் வந்த பட்டம். இதைச் சொல்லாமல் போனால் என் பழைய மாணவர்கள் போன் பண்ணுவார்கள்.)

அந்த மகன்களுக்கு நேர்ந்த கதையும் இங்கேதான் நடந்தது. 1729-இல் ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். எங்கள் அப்பன் ராஜா, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்ட பப்புத்தம்பி, ராமன்தம்பி இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். வில்லுப்பாட்டில் அது தம்பிமார் கதை. கோயில் கொடை விழாவில் வில்லடிக்கிற புலவர் அந்த இடத்துக்கு வரும்போது, ஜெயித்தவன் பக்கம் பாடுகிறாரா தோற்றவன் பக்கமா என்று கூட்டத்துக்கே தெரியாது. குடமும் உடுக்கும் தம்பிமாருக்காக அழும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு முப்பது தடவையாவது போயிருப்பேன். தாய்க்கொட்டாரம், மந்திரசாலை, உப்பரிக்கை மாளிகை, நவராத்திரி மண்டபம். தாய்க்கு ஒரு கொட்டாரம் இருக்கிறது, மனைவிக்கு எங்கே சார் என்று ஒரு மாணவி கேட்டாள். எட்டாம் வகுப்பு. நான் அப்போது தந்த பதில் ஞாபகமில்லை. சரியான பதிலாக இருந்திருக்காது. இன்றைக்குக் கேட்டால், திருவிதாங்கூரில் அரசு தாய்வழியில் நடந்தது, அதனால் அரசாங்கத்துக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள், ஒரு மனைவி தேவைப்படவில்லை என்பேன். தமிழில் சிம்மாசனத்துக்கே அரசுகட்டில் என்று ஒரு பழைய சொல் உண்டு. வீட்டுக் கட்டிலும் அரசுகட்டிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கூடாது என்பதில் திருவிதாங்கூர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தது. கொடூரம்தான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்ததையும் மறைக்க மனம் வரவில்லை. ராஜாவைக் கட்டிக்கொண்டதால் ஒரு பெண்ணுக்கு நாட்டின் மேல் எந்தப் பிடியும் வராது. நாட்டை ஆண்ட பெண்கள் தங்கள் உரிமையில் ஆண்டார்கள்.

சாயாக் கடைக் கேள்விக்கு வருகிறேன். ராணியின் வீட்டுக்காரர் யார்? அதற்கும் பட்டம் இருந்தது: கோயில் தம்புரான். ராணியைக் கட்டியவர், பட்டத்துக்கு வரப்போகிற பையனின் அப்பா. ஆள முடியாது. எனக்கு இவர்கள் மேல் ஒரு சொந்தக்காரப் பாசம் உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் மிகவும் பேர் பெற்றவர் கேரள வர்மா வலிய கோயில் தம்புரான். பெரிய கவிஞர், பின்னாளில் வந்த இன்னொரு ராணி லட்சுமி பாயின் கணவர். 1875-இல் ராஜா ஆயில்யம் திருநாளுக்கும் இவருக்கும் ஆகாமல் போய், ராஜா இவரைப் பிடித்து ஆலப்புழையில் காவலில் வைத்தார். பிறகு ஹரிப்பாட்டில். 1880-இல் ராஜா இறந்த பிறகுதான் விடுதலை. ராணியின் கணவர் என்கிற தகுதி அவரை ஒரு நாள்கூடக் காப்பாற்றவில்லை. ராணியோ அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஹரிப்பாட்டிலிருந்து மனைவிக்கு மயிலைத் தூதுவிடுவதாக அவர் பின்னாளில் ஒரு காவியமே எழுதினார். நான் என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் "குழாய் உடைஞ்சு தண்ணி ரோட்டுல போவுது, வார்டு 4" மாதிரிச் செய்திகள்.

ராஜாவும் ராணியும் போய்க் குடியரசு வந்தது. ராஷ்டிரபதி பவனில் யார் குடியிருக்கலாம், சம்பளம் என்ன, பதவி நீக்கம் எப்படி, எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் மனைவி அல்லது கணவர் பற்றி அரசியலமைப்பில் ஒரு வரி இல்லை. பதவிப் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, உறுதிமொழி இல்லை. 'முதல் பெண்மணி' என்பது பத்திரிகைகள் அமெரிக்காவைப் பார்த்துக் கொடுத்த பெயர். ஆனாலும் வெளிநாட்டுத் தலைவர் வந்தால் வரவேற்பு முற்றத்தில் அவரும் நிற்கிறார், விருந்தில் வந்தவருடைய மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்கிறார், குடியரசு தினத் தேநீர் விருந்தில் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை வலிக்க நடக்கிறார். சட்டம் போடாத நாற்காலியைக் கூட்டம் கொண்டுவந்து போடுகிறது. எங்கள் ஊராட்சி மேடையிலும் அதுதான் நடந்தது. "சாருக்கு ஒரு சேரு போடுங்கப்பா." யாரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

சில தடவை அந்த நாற்காலி காலியாகவே கிடந்திருக்கிறது; ஒன்றும் குறைந்துவிடவில்லை. ராதாகிருஷ்ணன் 1962-இல் குடியரசுத் தலைவராகும் முன்பே, 1956-இல், மனைவி சிவகாமு இறந்துவிட்டார். அப்துல் கலாம் பிரம்மச்சாரி. இப்போதைய திரௌபதி முர்மு கணவரை இழந்தவர். அவர் 2023 மார்ச் 18-இல் கன்னியாகுமரிக்கு வந்து விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போனார். அதே பாறை மண்டபத்தை 1970 செப்டம்பர் 2-இல் திறந்துவைத்தவர் வி.வி. கிரி. யோசித்தால் துணையில்லாத தலைமை என்பது எங்கள் முனைக்குப் புதிதே இல்லை. குமரி அம்மனுக்குச் சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகச் சிவன் புறப்பட்டார். பாதி வழியில் நாரதர் சேவலாகக் கூவி, முகூர்த்தம் தவறிவிட்டதாக நினைத்து மாப்பிள்ளை திரும்பிவிட்டார். கல்யாணச் சாப்பாட்டு அரிசியெல்லாம் கடற்கரை மணலாகிக் கிடக்கிறது. அம்மன் மூக்குத்தியோடு தனியாக நிற்கிறாள். திருவிதாங்கூரின் கடைசி ராஜா சித்திரைத் திருநாளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ராஜாவுக்கு அம்மச்சி என்று ஒருவர் இருந்ததே இல்லை.

பிரதிபா பாட்டீல் 2007-இல் வந்தபோதுதான் சங்கடம். அவர் கணவர் தேவிசிங் ஷெகாவத் அமராவதி மேயராக இருந்தவர், சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். இனி அவரை எப்படிக் கூப்பிடுவது? 'முதல் பெண்மணி' என்பதைத் திருப்பிப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு பெயர் பண்ணினார்கள். தமிழில் அது ஒட்டவே இல்லை. குடியரசுத் தலைவரின் கணவர் என்று நேரடியாகத்தான் எழுத முடிந்தது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. க/பெ.

சம்பளம் இல்லாத அந்த இடத்திலிருந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. ஆர். வெங்கட்ராமன் 1987-இலிருந்து 1992 வரை குடியரசுத் தலைவர். அவர் மனைவி ஜானகி கைத்தறிப் பட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டாராம்: புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டு இருக்கிறதா? பட்டு நூல் எடுக்கக் கூட்டைப் புழுவோடு சேர்த்து வெந்நீரில் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். அந்துப்பூச்சி தானே கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும்வரை காத்திருந்தால் நீள நூல் அறுந்துவிடும், பஞ்சு நூற்கிற மாதிரி நூற்க வேண்டிவரும், பளபளப்புக் குறையும். அதனால் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை. ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவில் வேலை பார்த்த குசும ராஜையா என்பவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உண்டாக்கியதுதான் அகிம்சைப் பட்டு. ஆணை இல்லை, கையெழுத்து இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை. சேலை எடுக்கப் போன இடத்தில் ஒரு கேள்வி. கேட்டவர் யார் என்பதால் அது கேட்கப்பட்டது.

ஜப்பானில் இதற்கு நேர் எதிராக ஒரு சடங்கு. அங்கே சக்கரவர்த்தினி வருஷந்தோறும் அரண்மனைக்குள்ளேயே பட்டுப்புழு வளர்க்கிறார். 1871-இல் தொடங்கியது. தன் கையால் முசுக்கொட்டை இலை போடுகிறார், பின்னால் கூடு சேகரிக்கிறார். ஓர் அம்மையார் புழுவுக்கு இலை போடுகிறார், இன்னொருவர் புழுவைக் கொல்லாதே என்கிறார். இருவரும் செய்தது அதிகாரமில்லாத இடத்திலிருந்து நெசவுக்கு ஒரு கை கொடுத்தது. என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "நீங்க பட்டு எடுத்துத் தந்து எவ்வளவு நாளாச்சுன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள்.

மற்ற நாடுகளைப் பற்றி நீட்டவில்லை. இங்கிலாந்து ராணியின் கணவர் பிலிப் 1953 முடிசூட்டு விழாவில் சொந்த மனைவியின் முன்னால் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்தார். 2017-இல் ஓய்வு பெறும்போது அவர் தனியாகக் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளின் கணக்கு 22,219. கல்வெட்டுத் திறப்பதில் உலகத்திலேயே தன்னைவிட அனுபவசாலி இல்லை என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டவர். பிரான்சில் அதே 2017-இல் அதிபரின் மனைவிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து தரப்போவதாகப் பேச்சு வந்தபோது இலட்சக்கணக்கில் மக்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் சம்பளம் இல்லை, இன்னின்ன வேலை மட்டும் என்று ஓர் அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜில் பைடன் வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டே கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். வாத்தியார் என்பதால் அவருக்கு என் ஓட்டு.

அமெரிக்காவில் இன்னொன்று கவனித்தேன். அதிபர் உறுதிமொழி எடுக்கும்போது மனைவி பைபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரொம்பப் பழைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1965-இல் லிண்டன் ஜான்சனின் மனைவி முதன்முதலாகப் பிடித்தார். அதற்கு முன் மனைவி பிடித்ததில்லை. ஆட்சியின் உறுதிமொழிக்குள் மனைவி வந்து சேர்ந்தது அவர்களுக்கு அவ்வளவு பிந்தி.

எங்களுக்கு அது ரொம்ப முந்தி. நாகர்கோவிலிலிருந்து வடக்கே பூதப்பாண்டிக்குப் போனால் பூதலிங்கசுவாமி கோயில். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். ஊர்ப்பேரைச் சங்ககாலத்துப் பூதப்பாண்டியனோடு சேர்த்துச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ராஜாவின் பாட்டு ஒன்று புறநானூற்றில் 71-ஆவதாக இருக்கிறது. வஞ்சினம். பகை அரசர்கள் ஒன்றுகூடி வருகிறார்களாம். அவர்களை அலறத் தாக்கி முதுகு காணாவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். முதலில் வருகிற கேடு என்ன தெரியுமா? "சிறந்த பேரமர் உண்கண் இவளினும் பிரிக." இவளைப் பிரிந்து போவேனாக. 'இவள்' என்கிறானே, அப்படியென்றால் பக்கத்தில் நிற்கிறாள். நாடு கேட்க எடுக்கிற சபதத்தில் மையிட்ட கண்ணோடு மனைவி நிற்கிறாள். அவளைக் காட்டித்தான் சபதம். முறைகோடுவேன், நண்பர்களை இழப்பேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

246-ஆவது பாட்டு அவளுடையது. அவன் இறந்துவிட்டான். சான்றோர்கள் தீப்பாயாதே என்று தடுக்கிறார்கள். அவள் அவர்களுக்குச் சொல்லும் பதிலில் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. நெய் தொடாத, இலையில் கிடக்கும், கையால் பிழிந்த பழஞ்சோறு. வெள்ளை எள் அரைத்துப் புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. பாய் இல்லாமல் பருக்கைக்கல்லில் படுக்கை. இதைத் தின்று இப்படிப் படுத்திருக்கிற பெண் நான் இல்லை, எனக்குத் தாமரைப் பொய்கையும் தீயும் ஒன்றுதான் என்கிறாள். கற்புக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பாட்டை எத்தனையோ வருஷம் பள்ளிக்கூட விழாவில் நானே பேசியிருக்கிறேன். இப்போது படித்தால் அந்தச் சாப்பாட்டுப் பட்டியல்தான் கண்ணில் நிற்கிறது. ராஜா இறந்த மறுநாளிலிருந்து ராஜாவின் மனைவிக்கு ஊர் ஒதுக்கிவைத்திருந்த சம்பிரதாயப் பதவி அது. அவள் அந்தப் பதவியை ஏற்க மறுக்கிறாள். மறுக்க அவளுக்குக் கிடைத்த வழி தீ ஒன்றுதான் என்பதை நினைத்தால், கைதட்டிப் பேசிய மேடைகள் எல்லாம் கூசுகின்றன.

அவள் பெயர் நமக்குத் தெரியாது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு என்றுதான் ஏட்டில் இருக்கிறது. ராஜாவின் பெண்டு. அதுவும் ஒரு க/பெ.

இன்றைக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர் இறந்தால் அவர் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, வைத்தியம் உண்டு, வீடு உண்டு. ஃபக்ருதீன் அலி அகமது 1977-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவர் மனைவி ஆபிதா பேகம் வேளைக்கீரை தின்று மூலையில் கிடக்கவில்லை. 1980-களில் பரேலியில் நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார்.

என் ஐந்து வருஷத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பெண்ணாக இருந்தால் வீட்டுக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். எங்கள் வீட்டுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் காலையிலேயே வந்தார். "சாரே, மேடத்த எதுக்குத் தொந்தரவு பண்ணணும், நீங்க ஒண்ணு பாத்துச் சொன்னாப் போதும்." நான் உள்ளே பார்த்து அவளைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எஸ்டிமேட்டை விரித்து, ஓடையின் நீளம் எவ்வளவு, அளந்தது யார் என்று அரை மணி நேரம் கேட்டாள். அதன் பிறகு அவர் அலுவலகத்துக்குத்தான் வந்தார்.

இதைச் சொல்வதால் நான் பெரிய யோக்கியன் என்று எண்ண வேண்டாம். மூன்றாம் வருஷம் ஒரு திறப்பு விழாவில் ஐந்து திரி விளக்கில் எனக்கு ஒரு திரியும் வரவில்லை. வந்திருந்த பெரியவர்கள் நான்கு, தலைவர் ஒன்று. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "வீட்டுல விளக்கு இருக்குல்லா, அஞ்சு திரியும் நீங்களே கொளுத்துங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் கொளுத்தினேன். திரி நனைந்திருந்தது. பிடிக்க நேரமானது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை, தனி அலுவலர் பொறுப்பு. வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் எண்ணிக்கை ஒரே வாரத்தில் வடிந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் அவள் இன்னும் எந்தக் கம்பம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

24-ஆம் தேதி ராத்திரி எனக்கு ஒரு போன். ஊராட்சிச் செயலர்.

"சார், குடியரசு தினத்துக்குக் கொடி ஏத்த ஆபீசர் வாறாங்க. கொடி கெட்டுறதுக்கு மட்டும் நீங்க வந்திருவீங்கள்லா? நாங்க கெட்டினா சரிவராது."

வருகிறேன் என்றேன். தோவாளைக்குப் போன் பண்ணினேன். மறுநாள் சாயங்காலம் பூ வந்தது. பேப்பரை விரித்து இதழ் பிய்க்க உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு பூவை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"காலம்பற எத்தன மணிக்குப் போணும்?"

"ஏழரைக்கு."

"நானும் வாறேன். ஓரமா நிக்கேன்."